கறுப்புத் திரையிலிருந்து டெஸ்க்டாப் வரை: யூனிக்ஸ் கணினியில் அடுக்கடுக்காக ஏற்றும் முறை

யூனிக்ஸ் கணினியில் டெஸ்க்டாப் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் மூன்று வரிதான்: தொகுப்புகளை நிறுவுங்கள், உள்நுழைவுத் திரையை இயக்குங்கள், கணினியை மறுபடி தொடங்குங்கள். எல்லாம் கூடிவந்தால் நல்லது. கூடிவராவிட்டால் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கோளாறு கிராஃபிக்ஸ் டிரைவரிலா, திரையையும் மவுஸையும் கையாளும் எக்ஸ் சர்வரிலா, டெஸ்க்டாப்பிலா, உள்நுழைவுத் திரையிலா என்று புரியாமல் தவிக்க வேண்டியதுதான். நான்கையும் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டோம். அதனால் நான்கின் மீதும் சந்தேகம் விழுகிறது.

ஆகவே இங்கே ஒவ்வொன்றாக ஏற்றுவோம். ஒன்று வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுவோம். அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கலாம். ஆனால் எந்த இடத்தில் நின்றாலும், அதற்கு முந்தைய படி வரை எல்லாம் சரி என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கும்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஃப்ரீபிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் வகை இயக்க அமைப்பு, அதன் மேல் எக்ஸோர்க் என்னும் எக்ஸ் சர்வர், அதன் மேல் எக்ஸ்எஃப்சிஇ என்னும் டெஸ்க்டாப் சூழல். லினக்ஸிலும் நெட்பிஎஸ்டியிலும் வரிசை இதேதான். தொகுப்பு நிறுவும் கட்டளையும் சில கோப்புகளின் இருப்பிடமும் மாறும். ஓப்பன்பிஎஸ்டியில் எக்ஸ் அடிப்படை அமைப்புடனேயே வந்துவிடும். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

எது எதன் மேல் நிற்கிறது

எக்ஸ் 1984இல் எம்ஐடியில் பிறந்தது. இன்றும் நாம் பயன்படுத்தும் 11ஆம் பதிப்பு 1987இல் வந்தது. அதைச் செய்தவர்கள் எடுத்த ஒரு முடிவு இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை: எக்ஸ் சர்வர் திரையையும் விசைப்பலகையையும் மவுஸையும் மட்டும் கையில் வைத்திருக்கும். சாளரத்துக்கு என்ன சட்டம் போடுவது, எங்கே வைப்பது, மூடும் பொத்தான் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதன் வேலை அல்ல. அவற்றைச் சாளர மேலாளர் என்னும் தனி நிரல் பார்த்துக்கொள்ளும். பட்டை, கோப்பு மேலாளர், அமைப்புகள், அமர்வை நினைவில் வைப்பது ஆகியவற்றைச் சாளர மேலாளரோடு சேர்த்துக் கட்டிய மூட்டைதான் டெஸ்க்டாப் சூழல்.

1990களில் சன், எச்பி, ஐபிஎம் பணிநிலையங்களில் ஓடிய சிடிஇ என்னும் டெஸ்க்டாப் சூழலும் இப்படித்தான் கட்டப்பட்டது. எக்ஸ்எஃப்சிஇயை ஒலிவியே ஃபூர்தான் 1996இல் தொடங்கியபோது சிடிஇயின் தோற்றத்தைத்தான் முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். இன்று அந்தத் தோற்றம் மாறிவிட்டது, உள்ளே இருக்கும் பிரிவினை மாறவில்லை.

எனவே கீழிருந்து மேலாக நான்கு அடுக்குகள்: இயக்க அமைப்பின் மையமான கெர்னலில் உள்ள கிராஃபிக்ஸ் டிரைவர், எக்ஸ் சர்வர், டெஸ்க்டாப் சூழல், உள்நுழைவுத் திரையைக் காட்டும் உள்நுழைவு மேலாளர்.

முதலில் ஒரு பக்கவாசல்

கிராஃபிக்ஸைத் தொடுவதற்கு முன் வேறொரு கணினியிலிருந்து உள்ளே வர வழி செய்துகொள்ளுங்கள். திரை உறைந்துபோனாலும் கணினி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். வலையமைப்பு மூலம் உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, தவறு செய்த நிரலை நிறுத்திவிட்டு, பதிவுக் கோப்பைப் படித்துப் பார்க்கலாம். எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக:

சிஸ்ஆர்சி எஸ்எஸ்எச்டி_எனேபிள்=யெஸ்
சர்வீஸ் எஸ்எஸ்எச்டி ஸ்டார்ட்

அடுத்து, உங்கள் சாதாரணப் பயனரை வீடியோ குழுவில் சேர்க்க வேண்டும். அந்தக் குழுவில் இல்லாதவருக்குக் கிராஃபிக்ஸ் சாதனக் கோப்புகளைத் திறக்க அனுமதி கிடையாது. டெஸ்க்டாப் வந்துவிடும், ஆனால் முப்பரிமாண வேகமாக்கம் இல்லாமல் எல்லாம் தள்ளாடும்.

பிடபிள்யூ குரூப்மாட் வீடியோ -எம் பயனர்பெயர்

குழு மாற்றம் அடுத்த முறை உள்நுழையும்போதுதான் செல்லுபடியாகும். வெளியேறி மறுபடி நுழைந்து, ஐடி என்று தட்டிப் பாருங்கள். பட்டியலில் வீடியோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மேலே செல்லுங்கள்.

கெர்னல் டிரைவர்

எந்தக் கிராஃபிக்ஸ் சில் உள்ளே இருக்கிறது என்பதைப் பிசிஐகான்ஃப் -எல்வி சொல்லும். அதன் நீண்ட வெளியீட்டில் விஜிஏபிசிஐ என்று தொடங்கும் பத்தியைத் தேடுங்கள். இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் தேவையான தொகுப்பு ஒன்றே:

பிகேஜி இன்ஸ்டால் டிஆர்எம்-கேமாட்

நிறுவியதும் தானாக ஏறும்படி செய்துவிடாதீர்கள். முதலில் கையால் ஏற்றிப் பாருங்கள். இன்டெல் என்றால்:

கேஎல்டிலோட் ஐ915கேஎம்எஸ்

ஏஎம்டியின் புதிய சில்களுக்கு ஏஎம்டிஜிபியு, பழையவற்றுக்கு ரேடியான்கேஎம்எஸ். கட்டளையைத் தட்டியதும் திரை ஒரு கணம் அணைந்து எரியும். பருத்து நின்ற முனைய எழுத்துகள் சட்டென்று சிறுத்து, மானிட்டரின் முழுத் தெளிவுக்கு மாறும். நீங்கள் கண்ணால் காண வேண்டிய முதல் அடையாளம் இதுதான். எழுத்துகள் மாறிவிட்டால் முதல் அடுக்கு நின்றுவிட்டது.

கையால் ஏற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிரைவர் பொருந்தாமல் கணினி உறைந்துவிட்டால் மறுபடி தொடங்கினால் போதும், பழைய நிலைக்கு வந்துவிடும். தொடக்கத்திலேயே ஏறும்படி எழுதியிருந்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உறையும். கெர்னலை மேம்படுத்திய பிறகு இப்படி நேர்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது டிரைவர் தொகுப்பும் கெர்னலும் வெவ்வேறு பதிப்புக்குக் கட்டப்பட்டிருப்பதை. அப்போது டிரைவரை மூலநிரலிலிருந்து உங்கள் கெர்னலுக்கே கட்டிக்கொள்வது தீர்வு.

சரியாக ஏறியதைப் பார்த்த பிறகு நிரந்தரமாக்குங்கள்:

சிஸ்ஆர்சி கேஎல்டி_லிஸ்ட்+=ஐ915கேஎம்எஸ்

எக்ஸ் மட்டும், வேறொன்றும் வேண்டாம்

பிகேஜி இன்ஸ்டால் எக்ஸோர்க்

இப்போது ரூட்டிலிருந்து வெளியேறி, சாதாரணப் பயனராக உள்நுழைந்து, எந்தக் கோப்பையும் எழுதாமல் ஸ்டார்ட்எக்ஸ் என்று தட்டுங்கள்.

டெஸ்க்டாப் ஆர்வத்தில் பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கோ இந்த வழிகாட்டியிலேயே மிகவும் முக்கியமான படி இது. திரையில் வருவது டிடபிள்யூஎம் என்னும் 1987ஆம் ஆண்டின் சாளர மேலாளர், மூன்று எக்ஸ்டெர்ம் முனையங்கள், ஒரு கடிகாரம். ஏதேனும் இல்லை என்று பிழை வந்தால் அந்தப் பெயரிலேயே தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். அழகு ஒன்றும் இருக்காது. மவுஸ் நகர்கிறதா, விசைகள் சரியான எழுத்தைத் தருகின்றனவா, திரையின் அளவு சரியா என்று மட்டும் பாருங்கள். சுட்டி எந்தச் சாளரத்தின் மேல் நிற்கிறதோ அதில்தான் எழுத்து விழும். அது பழுது அல்ல, டிடபிள்யூஎம்மின் வழக்கம்.

இனி ஒரு சிறு சோதனை. மூன்று முனையங்களில் இடது மேல் மூலையில் உள்ளதன் தலைப்பில் லாகின் என்று இருக்கும். மற்ற இரண்டிலும் எக்ஸிட் தட்டி மூடுங்கள், ஒன்றும் ஆகாது. லாகின் முனையத்தில் எக்ஸிட் தட்டுங்கள். எக்ஸ் முழுவதும் மூடிக்கொண்டு கறுப்பு முனையத்துக்குத் திரும்பிவிடுவீர்கள்.

ஏன் அப்படி? ஸ்டார்ட்எக்ஸ் உண்மையில் ஓட்டுவது கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு சாதாரண ஷெல் நிரலை. அதன் கடைசி வரி லாகின் முனையத்தைத் தொடங்குகிறது. அந்தக் கடைசி வரி உயிரோடு இருக்கும் வரை எக்ஸ் இருக்கும்; அது முடிந்தால் எக்ஸும் முடியும். உங்கள் டெஸ்க்டாப் அமர்வும் இதே விதிப்படிதான் ஓடப்போகிறது.

திரை வராவிட்டால்

பதிவுக் கோப்பு ஃப்ரீபிஎஸ்டியில் /வார்/லாக் அடைவில் எக்ஸோர்க்.0.லாக் என்ற பெயரில் இருக்கும். ரூட் உரிமை இல்லாமல் எக்ஸை ஓட்டும் லினக்ஸ் அமைப்புகளில் பயனரின் வீட்டு அடைவுக்குள், .லோக்கல்/ஷேர்/எக்ஸோர்க் அடைவில் இருக்கும்.

பெரும்பாலான வரிகளின் முகப்பில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்து அல்லது குறி நிற்கும். இஇ என்றால் பிழை, டபிள்யூடபிள்யூ என்றால் எச்சரிக்கை. இரட்டை நட்சத்திரம் என்றால் உங்கள் அமைப்புக் கோப்பிலிருந்து எடுத்தது, இரட்டைச் சிறுகோடு (--) என்றால் சாதனத்தைக் கேட்டு அறிந்தது. முதல்முறை படிப்பவர்கள் மேலே ஓர் இஇ வரியைக் கண்டதும் அதையே பிடித்துக்கொண்டு பல மணி நேரம் அலைவார்கள். எக்ஸ் பல டிரைவர்களை வரிசையாக முயன்று பார்க்கும். நிறுவப்படாத டிரைவரைத் தேடி, இல்லை என்றதும் இஇ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அந்த வரியால் தீங்கில்லை. கோப்பின் அடியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். கடைசியில் நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட் என்று இருந்தால் எந்த டிரைவரும் திரையைப் பிடிக்கவில்லை என்று பொருள். நீங்கள் திரும்பிப் போக வேண்டிய இடம் கெர்னல் அடுக்கு.

எக்ஸோர்க்.கான்ஃப் என்ற கோப்பை எழுதச் சொல்லும் பழைய குறிப்புகள் நிறைய உலவுகின்றன. மானிட்டரின் அலைவெண் எல்லையைக் கையால் எழுதியாக வேண்டிய காலத்தில் அது தேவைப்பட்டது. தவறான எண் பழைய குழாய் மானிட்டர்களையே கெடுத்துவிடக்கூடும் என்று கையேடுகள் எச்சரித்த காலம் அது. இன்று எக்ஸ் எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்கிறது. முழுக் கோப்பு எழுதினால் அந்தத் திறமையை நாமே முடக்கிவிடுகிறோம். ஒன்றை மாற்றியே ஆக வேண்டும் என்றால் எக்ஸோர்க்.கான்ஃப்.டி அடைவில் அந்த ஒன்றுக்கு மட்டும் சிறு கோப்பு போடுங்கள்.

டெஸ்க்டாப்பை ஏற்றுதல்

பிகேஜி இன்ஸ்டால் எக்ஸ்எஃப்சிஇ டிபஸ்
சிஸ்ஆர்சி டிபஸ்_எனேபிள்=யெஸ்
சர்வீஸ் டிபஸ் ஸ்டார்ட்

டிபஸ் என்பது நிரல்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் தடம். அது ஓடாவிட்டாலும் டெஸ்க்டாப் சில நேரம் வந்துவிடும். ஆனால் மாற்றிய அமைப்பு நிலைக்காது, பட்டையில் பிழைச் செய்தி வரும், அணைக்கும் பொத்தான் மங்கிக் கிடக்கும். இப்படி அரைகுறையாக வேலை செய்யும் டெஸ்க்டாப்பைக் கண்டால் முதலில் டிபஸைப் பாருங்கள்.

இப்போது வீட்டு அடைவில் .எக்ஸ்இனிட்ஆர்சி என்ற கோப்பை உருவாக்குங்கள். முகப்பில் உள்ள புள்ளியை விட்டுவிடக் கூடாது. இது இருந்தால் ஸ்டார்ட்எக்ஸ் பொதுக் கோப்பை விட்டுவிட்டு இதைத்தான் ஓட்டும்.

எக்ஸ்ஆர்டிபி -மெர்ஜ் ~/.எக்ஸ்ரிசோர்சஸ்
எக்ஸ்செட் ஆர் ரேட் 300 40
எக்ஸ்கிளாக் &
எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4

முதல் வரி எழுத்துரு, நிறம் போன்ற விருப்பங்களை ஏற்றுகிறது; .எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பு உங்களிடம் இல்லை என்றால் அந்த வரியை விட்டுவிடலாம். இரண்டாவது, விசையை அழுத்திப் பிடித்தால் 300 மில்லிவினாடி கழித்து வினாடிக்கு 40 முறை எழுத்து விழச் செய்கிறது. இரண்டும் செய்ததும் முடிந்துவிடும் வேலைகள், அதனால் குறி எதுவும் வேண்டாம். கடிகாரம் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல், அதனால் பின்னணிக்கு அனுப்பும் & குறி அவசியம். அதை மறந்தால் ஷெல் கடிகாரத்துக்காகக் காத்து நிற்கும். வெறுந்திரையில் ஒரு கடிகாரம் மட்டும் தெரியும், டெஸ்க்டாப் வரவே வராது.

கடைசி வரியில் நேர் எதிர். அங்கே & போட்டால் டெஸ்க்டாப் பின்னணிக்குப் போய்விடும், கோப்பு முடிந்துவிடும், எக்ஸும் மூடிக்கொள்ளும். திரை பளிச்சென்று வந்து உடனே கறுப்பாகும். டிரைவர் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் டிடபிள்யூஎம் ஓடியதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள், டிரைவர் சரி. எக்ஸெக் வரிக்குக் கீழே எழுதியது எதுவும் ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்டார்ட்எக்ஸ் தட்டுங்கள். பட்டையும் படங்களும் வந்ததும் பட்டையின் இடத்தை மாற்றி, முனையம் ஒன்றைத் திறந்து, வெளியேறி, மறுபடி ஸ்டார்ட்எக்ஸ் செய்யுங்கள். மாற்றம் அப்படியே நின்றால் அமைப்புகள் சேமிக்கப்படுகின்றன. இரண்டாம் முறையும் சரியாக வந்தால்தான் மூன்றாம் அடுக்கு முடிந்தது என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

நடுவில் சிக்கிக்கொண்டால் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்2 அழுத்தி வேறு முனையத்துக்குப் போகலாம். ஃப்ரீபிஎஸ்டியில் எக்ஸுக்குத் திரும்ப வழக்கமாக எஃப்9. கன்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் அழுத்தி எக்ஸைக் கொல்லும் பழைய வழி இப்போது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது.

ரூட் பெயரில் ஒருமுறை கூட வேண்டாம்

அனுமதிப் பிழை வந்ததும் கட்டளையை ரூட் உரிமையுடன் ஓட்டும் சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் ஓட்டிப் பார்ப்போம் என்று கை போகும். போக விடாதீர்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்தேன். டெஸ்க்டாப் வந்தது, மகிழ்ச்சியாக மூடினேன். மறுநாள் உள்நுழைவுத் திரையில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தால் திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி அதே உள்நுழைவுத் திரை வந்து நின்றது. தவறான கடவுச்சொல் என்ற செய்தி கூட இல்லை. டெஸ்க்டாப்பை நீக்கி மறுபடி நிறுவினேன், பயனில்லை. ஓர் இரவு முழுவதும் போனது.

காரணம் ஒரே ஒரு சிறு கோப்பு. எக்ஸ் சர்வரை அணுகுவதற்கான சாவி வீட்டு அடைவில் .எக்ஸ்அத்தாரிட்டி என்ற கோப்பில் இருக்கிறது. சில அமைப்புகளில் சூடோ, பயனரின் வீட்டு அடைவையே வைத்துக்கொண்டு ரூட்டாக ஓடும். அப்போது அந்தக் கோப்பு ரூட்டின் பெயரில் எழுதப்பட்டுவிடும். பிறகு நம் சொந்தச் சாவியை நாமே படிக்க முடியாது. எல்எஸ் -எல் ~/.எக்ஸ்அத்தாரிட்டி என்று தட்டியதும் உரிமையாளர் இடத்தில் ரூட் என்று நின்றது. கோப்பை நீக்கினேன், அடுத்த உள்நுழைவில் தானே புதிதாக உருவானது. .ஐசிஇஅத்தாரிட்டி என்ற கோப்புக்கும் இதே கதி நேரலாம். உள்நுழைவு இப்படிச் சுழன்றால் இந்த இரண்டையும், அடுத்து டிஎஃப் -எச் தட்டி வட்டு நிறைந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். வட்டில் இடம் இல்லாவிட்டால் சாவியை எழுத முடியாது, அறிகுறி அச்சாக இதேதான்.

இரண்டு மானிட்டர்கள்

எக்ஸ்ராண்டர் என்று வெறுமனே தட்டினால் இணைந்திருக்கும் திரைகளின் பெயர்களும் அளவுகளும் வரும். சோதிக்க அது நல்லது. நிரந்தர அமைப்பை எக்ஸ்எஃப்சிஇயின் திரை அமைப்பிலேயே செய்யுங்கள். .எக்ஸ்இனிட்ஆர்சியில் ஓர் எக்ஸ்ராண்டர் வரியும் டெஸ்க்டாப்பில் வேறொரு அமைப்பும் இருந்தால், பின்னால் ஓடுவது முன்னதை அழித்துவிடும்.

உள்நுழைவு மேலாளர்

ஒருவரே பயன்படுத்தும் கணினிக்கு இது அவசியமே இல்லை. முனையத்தில் உள்நுழைந்து ஸ்டார்ட்எக்ஸ் தட்டுவது முழுமையான வழிதான், பல ஆண்டுகளாக நான் அப்படியே வைத்திருக்கிறேன். பலர் பயன்படுத்துவதாக இருந்தால்:

பிகேஜி இன்ஸ்டால் லைட்டிஎம் லைட்டிஎம்-ஜிடிகே-கிரீட்டர்
சர்வீஸ் லைட்டிஎம் ஒன்ஸ்டார்ட்

ஸ்டார்ட் என்று எழுதாமல் ஒன்ஸ்டார்ட் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். தொடக்கக் கோப்பில் இயக்காமலே இந்த ஒரு முறை மட்டும் ஓட்டு என்று பொருள். கோளாறு என்றால் மறுபடி தொடங்கினால் பழைய முனையம் காத்திருக்கும்.

உள்ளே வந்ததும் பலருக்கு ஓர் ஏமாற்றம்: விசை வேகம் பழையபடி ஆகியிருக்கும், கடிகாரம் இருக்காது. லைட்டிஎம் .எக்ஸ்இனிட்ஆர்சியைப் படிப்பதே இல்லை. /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/எக்ஸ்செஷன்ஸ் அடைவில் உள்ள அமர்வுக் கோப்பைத்தான் அது ஓட்டுகிறது. ஆகவே தானாகத் தொடங்க வேண்டிய நிரல்களை எக்ஸ்எஃப்சிஇயின் அமர்வு அமைப்பில், தானியங்கித் தொடக்கம் பகுதியில் சேர்த்துவிடுங்கள். அவை ~/.கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்ட் அடைவில் எழுதப்படும். எந்த வாசலில் நுழைந்தாலும் ஓடும்.

வெளியேறி, வேறொரு பயனராக நுழைந்து, மறுபடி உங்கள் பெயரில் நுழைந்து பாருங்கள். எல்லாம் சரி என்றால்:

சிஸ்ஆர்சி லைட்டிஎம்_எனேபிள்=யெஸ்

கணினியை முதன்முறையாக மறுபடி தொடங்க வேண்டியது இப்போதுதான்.

பின்னால் வரும் தொல்லைகள்

சாளரங்களின் தலைப்புப் பட்டைகள் திடீரென்று காணாமல் போனால், வெளியேறும்போது அமர்வைச் சேமி என்ற கட்டத்தில் டிக் இருந்திருக்கும், சேமித்ததில் சாளர மேலாளர் விடுபட்டிருக்கும். வெளியேறி, முனையத்திலிருந்து ~/.கேச்/செஷன்ஸ் அடைவில் உள்ளதை நீக்குங்கள். அந்த டிக்கை எடுத்துவிடுவது என் வழக்கம்.

பட்டை குழம்பிப்போனால் அதன் அமைப்பு ~/.கான்ஃபிக்/எக்ஸ்எஃப்சிஇ4 அடைவுக்குள் இருக்கிறது. டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நீக்கிப் பயனில்லை. பின்னணியில் உள்ள எக்ஸ்எஃப்கான்ஃப்டி நினைவில் வைத்திருப்பதை மறுபடி எழுதிவிடும். முழுவதும் வெளியேறிய பிறகு அந்த அடைவின் பெயரை மாற்றி வையுங்கள். புதிதாக நுழையும்போது இயல்பான அமைப்பு வரும், பழையதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2008இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் திரை சர்வரும் சாளர மேலாளரும் ஒரே நிரல். அதனால் டிடபிள்யூஎம் சோதனைக்கு அங்கே இடமில்லை. கெர்னல் டிரைவர், வீடியோ குழு, டிபஸ் ஆகியவை அங்கும் அப்படியே வேண்டும். எக்ஸ்எஃப்சிஇ 4.20 பதிப்பில் வேலண்ட் ஆதரவு சோதனை நிலையில் வந்திருக்கிறது. அன்றாட வேலைக்கு இப்போதைக்கு எக்ஸையே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

வேறு கணினிக்கு மாறும்போது .எக்ஸ்இனிட்ஆர்சி, .எக்ஸ்ரிசோர்சஸ், ~/.கான்ஃபிக் அடைவில் எக்ஸ்எஃப்சிஇ4, ஆட்டோஸ்டார்ட் ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். .எக்ஸ்அத்தாரிட்டியையும் ~/.கேச் அடைவையும் விட்டுவிடுங்கள். இரண்டும் புதிய இடத்தில் தாமாகவே உருவாகும்.